லயத்துக்குள்ள ஒரு ஸ்டூடியோ: குரலைப் பதிகிற கருவி யார் கையில் இருந்தது?

போன பொங்கல் லீவுக்கு நாங்க நாலு பேர் காசு சேர்த்து ஒரு மைக் வாங்கினோம். கொழும்பில கடை வேலை செய்யிற கூட்டாளி ஒருத்தன் தன்னோட பழைய லெப்டொப்பைத் தந்தான். லயத்துல ஆளில்லாமக் கிடந்த கடைசிக் காம்பராவில் ரெண்டு போர்வையைத் தொங்கவிட்டதும் ஸ்டூடியோ ரெடி. தகரக் கூரை என்பதால் மழை பெய்தால் வேலை நிற்கும். சப்ரகமுவவில் மழை எப்போ பெய்யும்னு கேட்கவே வேண்டாம்.

அன்றைக்குச் சாயந்தரமே சண்டை தொடங்கியது. எந்த மென்பொருளில் பதிவது? "பெரிய ஸ்டூடியோக்காரங்க பாவிக்கிறதையே எடுப்போம், கிராக் கிடைக்கும்" என்றான் ஒருத்தன். "எதுக்கு, ஃபோனே போதும்" என்றான் இன்னொருத்தன். வாசல்ல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அப்பாயி ஒன்று கேட்டாங்க: "ஏன்டா, இதுல புடிச்சா தாத்தா பாட்டு மாதிரி காணாமப் போவாதுல்ல?"

தாத்தா காமன் கூத்து மாஸ்டர். எண்பதுகளில் மாமா ஒருத்தர் டூ-இன்-வன்னில் அவர் பாடினதை ஒரு கெசட்டில் பிடித்து வைத்திருந்தார். தாத்தா செத்த பிறகு அதைப் போட்டுப் பார்த்தால், ஒரு பக்கம் முழுக்க சினிமாப் பாட்டு. யாரோ மேலே பதிந்துவிட்டார்கள். மறுபக்கம் ஈரத்தில் பூசணம் பிடித்து, நாடா ஒட்டிக்கொண்டது. இப்போ தாத்தா குரல் எங்ககிட்ட ஒரு வரிகூட இல்லை.

அப்பாயி கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை. மென்பொருளைத் தெரிவு செய்வதற்கு முன்னால், நம்ம ஆட்களோட குரலைப் பதிகிற கருவி இதுவரை யார் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது.

மெழுகு உருளையும் வானொலியும்

எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். அது இலங்கைக்குள் ஆய்வு வேலைக்கு வந்ததற்கு நன்கு தெரிந்த உதாரணம் செலிக்மன் தம்பதி. 1907-08 காலத்தில் வேடர் சமூகத்தை ஆராய வந்தவர்கள், அவர்களுடைய பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். 1911-இல் வெளியான அவர்களின் நூலில் இசை பற்றிய பகுதியை சார்லஸ் மயர்ஸ் எழுதினார். அந்த நேரம் இதே தீவின் தோட்டங்களில் லட்சக்கணக்கான தமிழர்கள் கொழுந்து பறித்துக்கொண்டும் ரப்பர் பால் வெட்டிக்கொண்டும் இருந்தார்கள். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆனால் அந்த ஆய்வாளர்கள் தேடி வந்தது 'ஆதிக்குடி'யின் குரலை. வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு அந்தத் தேடலுக்குள் வரவில்லை.

அடுத்தது வானொலி. 1925 டிசம்பரில் எட்வர்ட் ஹார்ப்பர் முயற்சியில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. 1949-இல் அது ரேடியோ சிலோன் ஆனது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்கள் கடல் தாண்டியும் கேட்டன. லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் பத்து வீடு கேட்கும். ஆனால் ரேடியோ நம்ம காம்பராவுக்குள்ள வந்து பேசின மாதிரி, நாம ரேடியோவுக்குள்ள போய்ப் பேசறது லேசு இல்லை. ஒலிப்பதிவுக் கூடம் கொழும்பில் இருந்தது. நாட்சம்பளத்தை விட்டுவிட்டு தெரணியகலையிலிருந்தோ இறக்குவானையிலிருந்தோ எத்தனை பேர் போய் வந்திருக்க முடியும்?

பேனாவும் கருகிய தாலாட்டும்

கருவி இல்லாத இடத்தில் ஒருவர் பேனாவை எடுத்தார். மடக்கும்புர தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். தோட்டங்களில் கேட்ட பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வைத்தார். மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற அந்தத் தொகுப்பு இல்லையென்றால் பல பாட்டுகளின் வார்த்தைகூட நம்மிடம் இருக்காது. ஆனால் தாளுக்கு மெட்டு தெரியாது. தப்பு எங்கே வேகம் பிடிக்கும், பாடுகிறவர் எங்கே மூச்சை இழுப்பார் என்பது எழுத்தில் வராது.

இதற்கிடையில் பாடுகிறவர்களே போய்க்கொண்டிருந்தார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம். 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒப்பாரிகளை ஸ்டேஷனில் நின்று பதிய ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன, லயங்கள் எரிந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினவர்கள் கெசட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டா ஓடியிருப்பார்கள்?

1983-இல் மானிடவியலாளர் ஈ. வேலன்டைன் டேனியல் இலங்கைக்கு வந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பாடும் நாட்டார் பாடல்களைச் சேகரிப்பதுதான் அவருடைய திட்டம். வந்து இறங்கியபோது ஜூலை வன்முறை நடந்து முடிந்திருந்தது. சனங்கள் அவரிடம் சொன்னது வேறு கதை. பாட்டைப் பற்றி எழுத வந்தவர் கடைசியில் வன்முறையைப் பற்றிய நூலைத்தான் எழுதினார். 1996-இல் வெளியான அந்த ஆங்கில நூலின் தலைப்புக்குக் 'கருகிய தாலாட்டுகள்' என்று பொருள். நம்ம பாட்டைப் பதிய ஒருவர் வந்த வரலாறும் இப்படித்தான் முடிந்தது.

கெசட்: முதல் தடவை நம்ம கைக்கு

பிலிப்ஸ் கம்பனி 1963-இல் கெசட்டை அறிமுகப்படுத்தியது. 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது டூ-இன்-வன் இங்கே பரவலாக வந்தது. சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் போதும். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அந்தச் சுகந்திரத்தில்தான் தாத்தா குரல் நாடாவில் ஏறியது. ஆனால் அதே பொத்தான்தான் அதை அழித்ததும். மாற்றுப் பிரதி எடுக்க இரண்டாவது மெஷின் வேண்டும், காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. இரண்டும் நம்ம காம்பராவில் நடக்காத காரியம்.

மென்பொருள் காலம்

1991-இல் டிஜிடிசைன் கம்பனி புரோ டூல்ஸ் வெளியிட்டது. நாலு தடங்கள், விலை சுமார் 6,000 டொலர். பெரிய ஸ்டூடியோக்கள் அதற்கு மாறின. நம்ம ஊர்க் கொம்பியூட்டர் சென்டர்களுக்கு அந்தக் கதை வந்து சேரவே பல வருஷம் ஆனது.

கணக்கு மாறியது 2000 மே மாதத்தில். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனி என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் ரொஜர் டானன்பெர்க்கும் தொடங்கிய ஓடாசிட்டி வெளிவந்தது. இலவசம். அதோடு அதன் மூலநிரலையும் யாரும் எடுத்துத் திருத்தலாம். 2006-இல் ரீப்பரின் முதல் முழுப் பதிப்பு வந்தது. வினாம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் செய்தவர். அறுபது நாள் முழுசாகப் பாவித்துப் பார்க்கலாம், அதன் பிறகு தனியாளுக்கு 60 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று பார்த்தால் 18,000 ரூபாய். 2024-இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பதின்மூன்று நாளுக்கு மேல் பேர் விழ வேண்டும். மற்றதோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் பதின்மூன்று பேர் என்றால் என்னவென்று தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்பாயி கேள்விக்கு மென்பொருள் வரலாறும் பயமுறுத்துகிற பதிலைத்தான் தருகிறது. தொண்ணூறுகளில் பலர் நம்பிய கூல் எடிட் 2003-இல் அடோபிக்கு விற்கப்பட்டு ஒடிஷன் ஆனது. 1987 முதல் இருந்த கேக்வோக் 2013-இல் கிப்ஸன் கைக்குப் போனது. 2017 நவம்பரில் கிப்ஸன் அதைக் கைவிட்டது. அடுத்த வருஷம் சிங்கப்பூரின் பேண்ட்லேப் எடுத்திருக்காவிட்டால் அதை நம்பியவர்கள் நடுத்தெருவில். ஓடாசிட்டியும் 2021-இல் மியூஸ் குரூப் கைக்குப் போனது. தனியுரிமைக் கொள்கை பற்றி எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம் வாசகத்தைத் திருத்தியது. அதற்குள் சிலர் அதே மூலநிரலை எடுத்துத் தனிப் பிரதியும் தொடங்கிவிட்டார்கள். திறந்த மூலநிரல் என்றால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். முதலாளி மாறினாலும் கருவியை யாரும் பூட்ட முடியாது.

கோப்பு வகையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2021 மார்ச்சில் 3.0 பதிப்பு வரும் வரை ஓடாசிட்டி ஒரு சின்னக் கோப்பையும், பக்கத்தில் ஒரு ஃபோல்டரையும் உண்டாக்கும். ஒலி இருப்பது ஃபோல்டரில். சின்னக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் அங்கே சத்தம் இருக்காது. ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும், பதிந்த அன்றைக்கே வேவ் கோப்பாகத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வேவ் 1991-இல் வந்த எளிய வடிவம். ஏறக்குறைய எல்லா மென்பொருளும் அதைத் திறக்கும். சீடி தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 மெகாபைட்தான்.

நாங்க எடுத்த முடிவு

கிராக் வேண்டாம் என்று முதலில் முடிவானது. நல்ல பிள்ளை வேஷம் போடுவதற்காக இல்லை. எப்போ வேலை செய்யாமல் போகும், உள்ளே என்ன வைரஸ் இருக்கும் என்று தெரியாத ஒன்றை நம்பி பெரியவங்க குரலை வைக்க முடியாது. பெரியவங்க பாட்டு, கூத்து, கதை எல்லாம் ஓடாசிட்டியில். பழைய லெப்டொப்பிலும் அது ஓடுகிறது, ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். எங்க சொந்தப் பாட்டுக்கு, தப்பு, கிட்டார், குரல் என்று பல தடம் தேவை என்பதால், ரீப்பர். அதுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியல. ஃபோன்தான் கையில் இருந்தால் ஃபோனிலேயே பதியட்டும், கோப்பை மட்டும் வெட்டாமல் அப்படியே தந்தால் போதும் என்றும் பேசிக்கொண்டோம்.

அடுத்தது பிரதி. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயத்தை மண்சரிவு மூடியது. மனுசங்களே போன இடத்தில் மெமரி கார்டைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயம்தான். ஆனாலும் எங்க மலையும் அந்த மாதிரி மலைதான். அதனால் ஒரு பிரதி இங்கே, ஒன்று கொழும்பில் கூட்டாளியிடம், ஒன்று இணையத்தில். கோப்புப் பெயரில் பாடியவர், தோட்டம், திகதி மூன்றும் இருக்க வேண்டும். பாடினவங்க வேண்டாம்னு சொன்னா வெளியில போடக் கூடாது.

மழை விட்ட ஒரு காலையில் அப்பாயியைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். தாத்தா கூத்தில் ரதி அழுகிற இடத்தை, தனக்கு ஞாபகம் இருக்கிற மட்டும், பதினோரு நிமிஷம் பாடினாங்க. நடுவில் இருமல், வெளியே கோழி, யாரோ தண்ணிக் குடத்தை வைக்கிற சத்தம். எதையும் வெட்டவில்லை. திருப்பிப் போட்டுக் காட்டினதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "இது எத்தன எடத்துல வச்சிருக்க?"

மூணு இடத்தில் என்று சொன்னேன்.

"இன்னொன்னு வையி."