கருக்காகுறிச்சிப் பொன்னும் யவனர் தேறலும்

1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காகுறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் இருந்தவை 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் வெளியிட்டவை. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறது. காசை முத்திரைக்காக மதிக்காமல் பொன்னாக எடைபோட்டு வாங்கியவர்களிடையே அது புழங்கியது என்று கொள்வதே பொருத்தம். யவனர் எனப்பட்ட கிரேக்க, ரோமானியரின் வணிகம் என்றதும் மிளகுக்கும் துணிக்கும் ஈடாக மதுச்சாடிகள் வந்து குவிந்ததாக எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்தப் புதையல் அதை ஒப்புக்கொள்ள விடுவதில்லை. விலையாக வந்தது பொன்; மது சிறு அளவில் வந்த சரக்கு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸும் சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வரும் பொருள்களில் காசைத்தான் முதலில், பெருமளவு என்று சொல்கிறது. மதுவைக் குறிக்கும்போது அதிகமில்லை என்கிறது.

அப்படியானால் புதுச்சேரிக்கு அருகே அகழ்ந்த அரிக்கமேட்டில் ஏன் அத்தனை ஆம்போரா என்னும் மண்சாடி ஓடுகள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுமார் 25 லிட்டர் கொள்ளும் ஒரு சாடி உடைந்தால் பல துண்டாகும். சுட்ட மண் அழியாது. பொன்னோ உருக்கப்பட்டு நகையாகித் தடமில்லாமல் போகும். ஓடுகளின் எண்ணிக்கையை வணிகத்தின் அளவாகக் கொண்டால் கணக்கு பிசகிவிடும். மேலும், எல்லாச் சாடியும் மதுச்சாடி அல்ல. எண்ணெயும் மீன்சாறும் வந்த சாடிகளும் அங்கே உண்டு. ஆனால் வந்த மது எது என்பதை அந்த ஓடுகள் நன்றாகவே சொல்கின்றன. எலிசபெத் லைடிங் வில் அவற்றை ஆராய்ந்து, கிரேக்கத் தீவான கோஸின் இரட்டைத் தண்டுக் கைப்பிடிச் சாடிகளை அடையாளம் கண்டார். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பார்கள். அதை இத்தாலியிலேயே செய்துகொள்ளும் பக்குவத்தை ரோமானியரான கேட்டோ எழுதிவைத்திருக்கிறார்: திராட்சை அறுப்புக்கு 70 நாள் முன்பே, காற்றில்லாத நாளில், நன்னீர் வந்து சேராத ஆழ்கடலில் நீர் முகந்து வைக்க வேண்டும். உப்பு மதுவைக் கெடாமல் காத்தது. நெடுந்தூரக் கப்பலுக்கு இந்தக் கலவை ஏற்றதாக இருந்ததில் வியப்பில்லை. இத்தாலியின் கம்பானியாவிலும் அதே வடிவில் சாடி செய்தார்கள். ஊருக்கு ஊர் மது வேறுபட்ட காலத்திலேயே ஓர் ஊரின் கலவையை இன்னோர் ஊர் பார்த்துச் செய்யும் தொழிலும் வளர்ந்திருந்தது.

இங்கே தங்கிய யவனர்களே வந்த மதுவைக் குடித்துத் தீர்த்திருப்பார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. ஒரு பகுதி அப்படிப் போயிருக்கும். ஆனால் புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரப் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புலவர் அதை அரச இன்பங்களில் ஒன்றாக எடுத்துச் சொல்வதே அது அரிய பொருள் என்பதைக் காட்டுகிறது. கோஸ் மது மத்தியதரைக்கடல் ஊர்களில் அன்றாடச் சரக்கு; உயர்ந்ததென்று பேர் வாங்கிய பலேர்னியம் என்ற இத்தாலிய மதுவின் வரிசையில் அது இல்லை. மதுரை அவைக்கு வந்ததும் கோஸ் வகையாகவே இருந்திருந்தால், அங்கே சாமானியர் குடித்த மதுவை இங்கே அரசனுக்கு உரியதாக்கியது கடலின் தூரம்தான்.