தோலா வெள்ளியும் தோட்டத் தொழிலாளரும்

இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு கோப்பியின் வீழ்ச்சி, தேயிலையின் எழுச்சி, மூலதனத்தின் வருகை, தொழிலாளரின் குடிபெயர்வு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. தொழிலாளரின் கூலி பற்றியும் கடன் பற்றியும் ஆய்வுகள் உள்ளன. ஆயின், அந்தக் கூலியில் எஞ்சிய சிறு தொகையை அவர்கள் எந்த வடிவிற் சேமித்தனர், அச்சேமிப்புக்கு என்ன நேர்ந்தது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. சேமிப்பே இல்லாதவர்கள் என்றோ, கிடைத்ததை நகையாக்கி வீணடித்தவர்கள் என்றோ அவர்களைப் பற்றிக் கூறிவிடுவது எளிது. இவ்விரு கூற்றுகளும் பொருந்தா என்பதையும், வெள்ளியிற் சேமித்தவருக்கு நேர்ந்த இழப்பு அவர்தம் அறியாமையால் விளைந்ததன்று என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ரூபா என்னும் நாணயத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1869 ஆம் ஆண்டில் இந்திய வெள்ளி ரூபா இலங்கையின் சட்டபூர்வ நாணயமாக்கப்பட்டது. 1872 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் அது நூறு சதங்களாக வகுக்கப்பட்டது. இந்த ரூபாவின் நிறை சரியாக ஒரு தோலா, அதாவது 180 கிரெயின். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியும் எஞ்சியது கலப்பு உலோகமுமாக அது வார்க்கப்பட்டது. ஆகவே அன்றைய ரூபா வெள்ளியைக் குறிக்கும் அடையாளம் மட்டுமன்று. அதுவே ஒரு சிறு வெள்ளிக்கட்டி. இன்று முதலீட்டுக்காக விற்கப்படும் பத்துக் கிராம் வெள்ளிக்கட்டியை விடச் சற்றே நிறை கூடியது. நிறையும் தூய்மையும் அரசின் முத்திரையால் உறுதி செய்யப்பட்டது. நாட்டு மருந்திலும் பொற்கொல்லர் பட்டறையிலும் 'ஒரு ரூபா எடை' என்பது ஓர் அளவையாகவே வழங்கியமை இதற்குச் சான்றாகும்.

இவ்வமைப்பில் மற்றொரு வசதியும் இருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த அரச நாணயசாலைகள் எவர் வெள்ளியைக் கொண்டுவந்தாலும் சிறு கட்டணம் பெற்று அதனை ரூபாவாக அடித்துக் கொடுத்தன. தனியொரு தொழிலாளி பம்பாய்க்குச் செல்லப்போவதில்லை. ஆயினும் நாணயசாலையின் கதவு திறந்திருந்தமையால், ஊர்ச் செட்டியாரும் கடைக்காரரும் பொற்கொல்லரும் வெள்ளியை ஏறத்தாழ ரூபாவின் நிறைக்கே மதித்தனர். ரூபாவை உருக்கினால் காப்பு. காப்பை உருக்கினால் மீண்டும் ரூபா. இடையில் இழக்கப்பட்டது செய்கூலியும் சேதாரமும் மட்டுமே. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது ஏழை மக்களின் வெள்ளி நகைகள் பெருமளவில் நாணயசாலைக்கு வந்து ரூபாவாக மாறின. மக்கள் நகையை ஏன் சேர்த்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. அதே பஞ்சமே பெருந்தொகையானோரை இலங்கையின் மலைகளுக்கும் துரத்தியது.

அவ்வாறு வந்தவர்கள் கண்ட தோட்ட வாழ்வில் வெள்ளியைத் தவிர நம்பத்தக்க சேமிப்பு வேறு எது இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 33 சதமாக இருந்தது. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை அதிலிருந்தே கழிக்கப்பட்டது. கூலி மாதந்தோறும் கைக்கு வந்ததுமில்லை. மாதக் கணக்கு முடிந்து அறுபது நாட்களுக்குள் கூலி கொடுக்கப்படல் வேண்டும் என 1889 ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்க நேர்ந்ததென்றால், அதற்கு முன்னிருந்த நிலையை ஊகிக்கலாம். கடலைக் கடந்து வந்த செலவு பெரிய கங்காணியின் கணக்கில் கடனாக நின்றது. அக்கடனைத் தீர்க்காதவரை வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதவாறு 'துண்டு' முறை தடுத்தது. 1921 ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வங்கிகள் அவர்களுக்கு எட்டாதவை. எட்டியவர்களுக்கும் அவை எத்தகைய பாதுகாப்பை அளித்தன என்பதை 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரியன்ரல் வங்கி நொடித்த நிகழ்ச்சி காட்டிற்று. கோப்பித் தோட்டங்களுக்குப் பணம் வழங்கிய அவ்வங்கி வீழ்ந்தபோது, ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் அதன் நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்தே பீதியைத் தணித்தார். இலங்கை அரசு தானே ரூபா நோட்டுகளை வெளியிடத் தொடங்கியதும் இதன் பின்னரே. அடுத்த ஆண்டில் தபாலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. ஆனால் தபாலகம் நகரில் இருந்தது. படிவம் அந்நிய மொழியில் இருந்தது. எழுத்தறிவு தொழிலாளருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

எனவே தண்டை, கொலுசு, காப்பு, அரைஞாண், மெட்டி ஆகியனவே தொழிலாளரின் வங்கியாயின. அக்காலத்துப் புகைப்படக் கலைஞர்கள் எடுத்த, கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்களில் இந்நகைகளைக் காணலாம். அப்படங்களை வாங்கிய ஐரோப்பியப் பயணிகள் அவற்றை அழகாகக் கண்டனர். பொருளியல் மாணவன் அவற்றைக் கணக்கேடாகவும் காணலாம். நகையின் சிறு வடிவே அதன் சிறப்பாகும். ஒரு நோய்க்கு ஒரு மெட்டியையும், ஒரு சாவுக்கு ஒரு காப்பையும் விற்கவோ அடகு வைக்கவோ முடிந்தது. முழுச் சேமிப்பையும் ஒரேயடியாகக் கலைக்க வேண்டியதில்லை. லயத்தின் ஒற்றை அறையில் பூட்டுப்பெட்டியை விட உடலே பாதுகாப்பான இடமாகவும் இருந்தது. கூலி கங்காணியின் கையூடாக வந்த ஓர் அமைப்பில், பெண்ணொருத்தி தனதெனக் கூறத்தக்க சொத்து பெரும்பாலும் அவள் அணிந்திருந்த வெள்ளியே எனலாம்.

இத்தகைய சிறு சேமிப்பு, அதனை அணிந்தோர் அறியாத உலகச் சந்தையொன்றோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1870களின் தொடக்கத்தில் யேர்மனி பொன் நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்கள் வெள்ளியை அள்ளிக் கொட்டின. 1872 ஆம் ஆண்டில் இலண்டனில் அவுன்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 60 பென்சாக இருந்த வெள்ளியின் விலை 1892 ஆம் ஆண்டில் 40 பென்சுக்கு இறங்கியது. ரூபாவும் அதனுடன் சேர்ந்தே இறங்கி, 23 பென்சிலிருந்து 15 பென்சளவுக்கு வந்தது.

இவ்வீழ்ச்சியால் பயனடைந்தவர் யாவர்? தேயிலை இலண்டனிற் பவுண் கணக்கில் விற்கப்பட்டது. கூலி ஹற்றனிலும் நுவரெலியாவிலும் ரூபாவில் வழங்கப்பட்டது. 33 சதம் என்னும் நாட்கூலி 1872 இல் ஏறத்தாழ ஏழரைப் பென்சுக்குச் சமம். 1892 இல் அது ஐந்து பென்சு மட்டுமே. ஒரு சதத்தையேனும் வெளிப்படையாகக் குறைக்காமல், கூலிச் செலவு பவுண் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கோப்பியை அழித்த நோயின்பின் தேயிலை அத்துணை விரைவாகத் தழைத்ததற்கு மண்ணும் மழையும் மட்டுமன்றி, வெள்ளியின் வீழ்ச்சியும் துணை நின்றது.

தொழிலாளரின் சேமிப்பு அதுவரை வெளிப்படையாகப் பாதிக்கப்படவில்லை. வெள்ளியும் ரூபாவும் ஒருங்கே இறங்கியதால் காப்பின் ரூபா மதிப்பு மாறாதிருந்தது. அந்தப் பிணைப்பே 1893 ஆம் ஆண்டு யூன் 26 ஆம் திகதி அறுந்தது. பிரித்தானிய அரசுக்குப் பவுணிற் செலுத்த வேண்டிய பணம் பெருஞ் சுமையானதால், ஹேர்செல் பிரபு தலைமையிலான குழுவின் ஆலோசனைப்படி, இந்திய நாணயசாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. ரூபாவைச் செயற்கையாக அரிதாக்கி அதன் பெறுமதியை உயர்த்துவதே நோக்கம். அந்நோக்கம் சில ஆண்டுகளில் நிறைவேறியது: ரூபா 16 பென்சுக்கு உயர்ந்து நிலைபெற்றது. இந்திய ரூபாவையே நாணயமாகக் கொண்ட இலங்கையும் அம்மாற்றத்துக்குள் இழுக்கப்பட்டது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ரூபாவின் தூய்மையுள்ள பத்துத் தோலாக் காப்பு ஒன்றையும், பத்து ரூபா நாணயங்களையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே உலோகம், ஒரே நிறை. 1892 வரை இரண்டின் மதிப்பும் ஏறத்தாழ ஒன்றே. இலண்டன் விலையைக் கொண்டு கணித்தால், 1894 இல் காப்பின் வெள்ளி ஏறத்தாழ எட்டு ரூபா மட்டுமே பெறும். வெள்ளி 24 பென்சுக்கு இறங்கிய 1902 இல் அது ஐந்தரை ரூபாவையே அண்மிக்கும். பத்து நாணயங்களோ பத்து ரூபாவாகவே நின்றன. ஒன்றில் அரசின் முத்திரை இருந்தது, மற்றதில் இல்லை, வேறுபாடு அவ்வளவே. பல ஆண்டுக் கொழுந்தின் பயனாகச் சேர்த்த வெள்ளி, எவரும் தொடாமலே, உடலில் இருந்தவாறே தேய்ந்தது. நாணயசாலைகளை மூடியது ஏழைகளின் சேமிப்பைப் பறித்த செயல் என்னும் கண்டனம் அக்காலத்திலேயே இந்தியாவில் எழுந்தது. மலையகத்திலிருந்து அவ்வாறு குரலெழுப்ப அன்று ஒரு சங்கமோ பத்திரிகையோ தொழிலாளருக்கு இருக்கவில்லை.

பின்னர் வெள்ளி மீண்டும் உயர்ந்ததே என ஒருவர் வாதிடலாம். முதலாம் உலகப் போரின்போது 1917 இல் அது 43 பென்சைத் தொட்டது. அவ்விலையில் ரூபாவின் உலோகமே அதன் முகப்பெறுமதிக்குச் சமமாயிற்று. 1920 பெப்ரவரியில் 89 பென்சுக்கும் மேல் ஏறியது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே அவ்விலையின் பாதிக்கும் கீழ் வீழ்ந்தது. இலண்டன் விலையை நாள்தோறும் அறிந்த வணிகருக்கு அவ்வேற்றம் வாய்ப்பாயிற்று. மலைச்சரிவில் அன்றாடத் தேவைக்காக விற்ற தொழிலாளியோ விலையைத் தேர்ந்து விற்றவரல்லர். தேவை வந்த நாளே அவரது விற்பனை நாள். அரசும் தன் பங்குக்கு 1919 இல் இலங்கையின் வெள்ளிச் சதங்களில் இருந்த வெள்ளியை நூற்றுக்கு 80 பங்கிலிருந்து 55 பங்காகக் குறைத்தது. 1940களில் வெள்ளி அன்றாட நாணயத்திலிருந்தே மறைந்தது.

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். ஒன்று, தோட்டத் தொழிலாளர் வெள்ளியைத் தேர்ந்தது அறிவுடைய செயலே. கூலி நிலுவையும், கடனும், எட்டாத வங்கியும் சூழ்ந்த நிலையில், சிறியதாகவும் பிரிக்கத்தக்கதாகவும் எங்கும் விலைபோவதாகவும் இருந்த ஒன்றையே அவர்கள் நாடினர். மற்றது, அச்சேமிப்பின் பாதுகாப்பு உலோகத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அதனை நாணயமாக மாற்றும் உரிமையிலும் தங்கியிருந்தது. அவ்வுரிமை, அவர்களைக் கேளாமலே, தொலைவில் ஒரு சட்டத்தால் நீக்கப்பட்டது.

இன்றும் நாணயத்தின் மதிப்பு சரியும்போதெல்லாம் மக்கள் உலோகத்தை நாடுகின்றனர். 2022 ஆம் ஆண்டில் இலங்கை ரூபாவுக்கு நேர்ந்த வீழ்ச்சி அந்நாட்டத்தை மீண்டும் நியாயமாக்கியது. சிறு வெள்ளிக்கட்டியை வாங்குவோர் அதன் தூய்மையையும் நிறையையும் கவனமாகப் பார்க்கின்றனர். அதனைத் திருப்பி வாங்குபவர் யார், எவ்விலைக்கு, அவ்விலையை நிர்ணயிப்பவர் யார் என்னும் வினாக்களையும் அவர்கள் எழுப்புதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கூறும் உரிமை தமக்கில்லாதிருந்ததன் விலையையே மலையகத்தின் உழைக்கும் மக்கள் 1893 இன் பின் செலுத்தினர்.