அணைந்த தீயும் முதிர்ந்த ஓக்கும்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகள் பலவற்றில் முதிய மரங்கள் ஓக்; அவற்றின் நிழலில் விரல் பருமனில் நிற்பவையோ செம்மேப்பிள் கன்றுகள். இந்த வயது இடைவெளிக்கு முதற்காரணம் தீ நின்றுபோனதுதான் என்பேன். பூர்வகுடிகளும் பின்னர் குடியேறியவர்களும் அடிக்கடி தரைத்தீ வைத்தார்கள். மெல்லிய பட்டை கொண்ட மேப்பிள் அதில் மடிந்தது. ஓக் கன்றோ கருகினாலும் வேரடியிலிருந்து மீண்டும் துளிர்த்தது. பழைய அடிமரங்களை அறுத்துப் பார்த்தால், வளையங்களுக்கிடையே அந்தத் தீயின் கருந்தழும்புகளை ஆண்டுவாரியாக எண்ணலாம். மேற்கு மாநிலங்களைச் சுட்ட 1910 பெருந்தீக்குப் பிறகு, அரசு தீயணைப்பையே கொள்கையாக்கியது; தழும்புகளும் அருகிப்போயின.

மான்கள் மேய்வதே காரணம் என்பாரும் உண்டு. மான் ஓக் கன்றைத் தின்பது உண்மை. ஆனால் செம்மேப்பிளையும் அது விட்டுவைப்பதில்லை. வேலியிட்டாலும் அடர்நிழலில் ஓக் கன்று தேறாது. கட்டுப்படுத்திய தீயை வனத்துறையினர் மீண்டும் மூட்டி, மேற்கவிகையையும் ஓரளவு திறந்துவிடாவிட்டால், ஓக் சாயும் இடத்தில் மேப்பிள்தான் எழும்.