விலையில் சேராத இரண்டு மணி நேரம்

சென்ற குளிர்காலத்தில் மகளுக்காக ஒரு பழைய மின் கிட்டார் வாங்கினேன். டொரொண்டோவின் கிழக்கு ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் வைத்து 120 டாலரை எண்ணிக் கொடுத்தேன். கழுத்தின் பின்புறம் ‘இந்தோனேசியாவில் செய்யப்பட்டது’ என்ற சிறு முத்திரை இருந்தது. வீட்டுக்கு வந்து மகள் பத்து நிமிடம் வாசித்தாள். பிறகு இடது கையை நீட்டி, “அப்பா, இது கடிக்குது” என்றாள். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கீறல்.

வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோலக் கிட்டாரின் விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். அவற்றின் முனைகள் அரத்தால் ராவப்படாமல் அப்படியே துருத்திக்கொண்டிருந்தன. தந்திகள் கழுத்தைத் தாண்டி ஏறும் இடத்தில் ‘நட்’ எனும் சிறு வெள்ளைத் துண்டு இருக்கிறது. அதன் வெட்டுகள் ஆழம் போதாமல் இருந்ததால் முதல் மெட்டில் தந்தியை அழுத்துவதே பெரும்பாடு. மற்றபடி மரத்திலும் வடிவத்திலும் குறையில்லை. ஒரு நல்ல கை கடைசியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. அந்த இரண்டு மணி நேரம்தான் விலையில் சேரவில்லை.

அது ஏன் சேரவில்லை என்று யோசிக்கத் தொடங்கியபோது ஒரு நீண்ட கதைக்குள் போய்விட்டேன்.

மின் கிட்டாரை மலிவாக்கிய முதல் ஆள் என்று லியோ ஃபெண்டரைச் சொல்லலாம். கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, அதை ஒரு சங்கீத வாத்தியமாகப் பார்க்காமல் கழற்றி மாட்டும் இயந்திரமாகப் பார்த்தார். 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்து, பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டாரில் கழுத்து உடலோடு ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. கழுத்து கெட்டால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பாரம்பரியக் கைவினைஞர்களுக்கு இது அபச்சாரம். ஆனால் வாத்தியத்தைத் திறந்து மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கே அந்த நான்கு திருகாணிகள்தான் வழிவிட்டன.

அதையும் வாங்க முடியாதவர்களுக்கு சியர்ஸ் அஞ்சல்வழிப் பட்டியல் இருந்தது. ‘சில்வர்டோன்’ என்ற பெயரில் சியர்ஸ் விற்ற பல கிட்டார்களை நியூ ஜெர்சியில் நேதன் டேனியலின் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் செய்துகொடுத்தது. மலிவான மரச்சட்டத்தின் மேல் மேசோனைட் எனும் அழுத்தப்பலகை. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் ‘பிக்கப்’புக்கு உறையாக உதட்டுச்சாயக் குழல். 1960களில் கிட்டாரின் பெட்டிக்குள்ளேயே ஒலிபெருக்கியை வைத்துத் தந்தார்கள். சியாட்டிலில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற பதின்வயதுப் பையனின் முதல் மின் கிட்டார் திருடுபோன பிறகு அவன் கைக்கு வந்தது இப்படியொரு டேன்எலெக்ட்ரோதான்.

அடுத்து ஜப்பான். மட்சுமோட்டோ நகரில் 1960இல் தொடங்கிய ஃபூஜிஜென் முதலில் மலிவுச் சரக்கு செய்தது, பிறகு நகலெடுத்தது, பிறகு நன்றாக நகலெடுத்தது. ஜப்பானில் செய்து ஐபனெஸ் என்ற பெயரில் விற்ற கிட்டார்களின் தலைவடிவம் தங்களுடையதைப் போல் இருக்கிறது என்று கிப்சனின் தாய் நிறுவனம் 1977இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. ஃபெண்டர் வேறு வழியில் போனது. நகலெடுப்பவர்களிடமே வேலையைக் கொடுத்தது. 1982இல் ஃபூஜிஜென் தொழிற்சாலையிலிருந்து ஸ்குவையர் என்ற பெயரில் வந்த கிட்டார்கள், அன்றைய அமெரிக்கத் தயாரிப்பையே வெட்கப்பட வைத்தன என்று பழைய வாசிப்பாளர்கள் இன்றும் சொல்வார்கள்.

கை பழகப் பழகக் கூலி ஏறும். 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பும் ஏறியது. மலிவுக் கிட்டார் தென்கொரியாவுக்குப் போனது. அங்கும் கை பழகியது. பல வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஒப்பந்தத்தில் கிட்டார் செய்துகொடுத்த கோர்ட் நிறுவனம், 2007 தொடங்கி இன்ச்சோன், தேஜோன் நகரங்களிலிருந்த ஆலைகளில் உற்பத்தியை நிறுத்தித் தொழிலாளர்களை வெளியேற்றியது. வேலை ஏற்கெனவே இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்திருந்தது. அந்தத் தொழிலாளர்கள் விடவில்லை. கூடாரம் போட்டார்கள், பட்டினி கிடந்தார்கள். ஆயுளெல்லாம் கிட்டார் செய்தும் வாசிக்கத் தெரியாத சிலர் போராட்டத்தின் நடுவே வாசிக்கக் கற்று ஓர் இசைக்குழுவே தொடங்கினார்கள். ஓர் உடன்பாட்டுக்கு வர 2019 ஆனது.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணம் எளிது. என் தொழிலும் இதுதான். முதுகலைப் படிப்புக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். பதினைந்து ஆண்டுகளாக, எந்த வேலையை எந்த ஊருக்கு அனுப்பினால் எவ்வளவு மிச்சம் என்று கட்டம் போட்டுக் காட்டும் ஆலோசகன். கனடாவிலிருந்து சென்னைக்கு, பிறகு சென்னையைவிடக் கூலி குறைந்த ஊர்களுக்கு. என் கட்டங்களிலும் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு இடம் இருந்ததில்லை. அதை வாங்குபவர் தலையில் கட்டிவிடுவோம்.

வாங்குபவர்கள் எப்போதும் முனகிக்கொண்டே ஏற்றுக்கொண்டதில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. இங்கிலாந்தில் 1963இல் பிரையன் மே என்ற மாணவன் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினான். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், தந்தியை அதிரவைக்கும் பொறிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அதன் கைப்பிடி முனைக்கு அம்மாவின் பின்னல் ஊசி. பிற்பாடு குவீன் குழுவோடு உலகம் சுற்றியது அந்தக் கிட்டார்தான். 1970களில் எட்டி வேன் ஹேலன் 50 டாலருக்கு ஓர் உடலும் 80 டாலருக்கு ஒரு கழுத்தும் வாங்கி, ஒரு கிப்சனிலிருந்து கழற்றிய பிக்கப்பை அதில் பொருத்தினார். அதே பத்தாண்டில் டிமார்சியோ, செமோர் டங்கன் போன்றவர்கள் மாற்று பிக்கப்புகளைத் தனியே விற்கத் தொடங்கினார்கள். கிட்டாரைத் திறப்பது சாதாரண விஷயமாயிற்று.

நானும் திறந்தேன். முதலில் ஃப்ரெட் முனைகளை ஒவ்வொன்றாக மெல்லிய அரத்தால் ராவினேன். நட்டின் வெட்டுகளை மயிரிழை மயிரிழையாக ஆழமாக்கினேன். உட்குழிவில் செம்புத்தாள் ஒட்டியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பிக்கப்பைக் கடைசியாகத் தொட்டேன். மலிவானவற்றில் பெரும்பாலும் இரும்புத் துண்டுகளின் அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை இருக்கும். விலை கூடியவற்றில் துண்டுகளே ஆல்னிகோ காந்தங்கள். இரண்டிலும் தலைமுடியை விட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். ஒலியில் வித்தியாசம் உண்டுதான். ஆனால் முதல் முறையாக இதில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பணத்தை முதலில் பிக்கப்பில் போடாதீர்கள். நட்டையும் ஃப்ரெட்டையும் சரிசெய்து ஒரு மாதம் வாசித்த பிறகு முடிவெடுங்கள். நான் கடைசிவரை பிக்கப்பை மாற்றவில்லை.

விரல்பலகைக்கு எண்ணெய் பூசும்போதுதான் மரத்தைக் கவனித்தேன். ஈட்டிபோல் கருத்திருந்தது, ஆனால் ஈட்டி இல்லை. 1960களின் இறுதியில் பிரேசில் ஈட்டி அரிதானதும் கிட்டார் உலகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்கு மாறியது. நம்மில் சிலர் தோதகத்தி என்போம். 2017இல் ஈட்டிக் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைப்பதற்குள் மலிவுக் கிட்டார் செய்பவர்கள் பலர் ‘இந்தியன் லாரல்’ என்ற மரத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். என் கிட்டாரிலும் அதுதான். அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தால் தமிழில் கருமருது என்று வந்தது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் மரம்.

அப்பா மேட்டுப்பாளையத்தில் ஒரு மரக்கிடங்கில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதினார். ஈட்டி, கருமருது, வேங்கை என்று அவர் பேரேட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். கல்லூரியில் கிட்டார் கேட்டபோது, “அதுக்கெல்லாம் பணமில்ல கண்ணு” என்றார். இருந்த பணம் என் வெளிநாட்டுப் படிப்புக்குப் போனது.

அடுத்த ஞாயிறு காணொளி அழைப்பில் கிட்டாரைக் காட்டினேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்கு அருகே வந்தார்.

“கருமருதா? அது வீட்டு உத்தரத்துக்குப் போடற மரமல்லோ? இழைச்சதே தெரியாம வழவழன்னு இருக்குதே, யாரு இழைச்சா?”

பலகையை இழைத்தது ஜாவாவிலோ வேறெங்கோ, பெயர் தெரியாத ஒருவர். ஓரங்களை ராவியது நான். இரண்டையும் சொன்னேன்.

“அந்த ஆளுக்கு நல்ல கை” என்றார் அப்பா. என் பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேத்தியை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். கிட்டார் கடிக்கவில்லை.