உத்திரமேரூர்ச் சுவரும் பதிப்பு வரலாறும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ள உத்திரமேரூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர் முன் நின்றிருக்கும் எவரும் ஓர் உண்மையை எளிதில் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். 'குடவோலைக் கல்வெட்டு' என்று பாடநூல்கள் ஒருமையில் சொல்லிப் பழக்கிவிட்ட அந்த ஆவணம் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல் வெட்டப்பட்டது. மற்றது அவனது 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921இல் வெட்டப்பட்டது. இரண்டும் ஒரே சபையின் ஒரே பொருள் குறித்த விதிகள். பின்னது முன்னதைத் திருத்துகிறது. ஆயினும் முன்னதை யாரும் சுரண்டி அழிக்கவில்லை.

எங்கள் குழுவில் இலக்கியமும் கல்வெட்டும் படிப்போர் உண்டு. பிழைப்புக்காக நிரல் எழுதுவோரும் உண்டு. இவ்விரு சாராரும் கூடிப் பேசுகையில் எழுந்த கேள்வியே இக்கட்டுரை. இந்த இரு விதிகளையும் ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஏற்றி, கேட்போருக்கு இணைய வழியே தரவாகத் தருவதானால், அந்த விடையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பலர் சேர்ந்து எழுதும் நிரல்களில் யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதைக் காத்து வைப்பவை பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய 'கிட்' அவற்றுள் இன்று பெருவழக்கில் உள்ளது. ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்பர். இந்த வரலாற்றை மனிதர் கண்ணுக்கன்றி மற்றொரு மென்பொருளுக்குப் பெயரும் மதிப்புமாக அடுக்கித் தரும் வாயிலே 'ஏபிஐ'. அடுக்கும் முறைக்குப் பெரும்பாலும் 'ஜேசன்' என்று பெயர். எந்தப் பெயர்களை அடுக்குவது என்பதே வடிவமைப்பவரின் வேலை. தொழில்நுட்பச் சிறுவேலை போலத் தோன்றும். ஆனால், அடுக்கில் இடம் பெறாத எதுவும் கேட்பவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

முதலில் மாற்றம் என்னவென்று பார்ப்போம். 919ஆம் ஆண்டு விதிப்படி, 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதப்படுவோர் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்டவராயிருக்க வேண்டும். 921இல் அது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டதாகிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும் என்ற விதிக்கு 921இல் ஒரு விலக்கு சேர்கிறது: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவராயின் அரைக்கால் வேலி போதும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் பெயர் எழுதப்படத் தகார் என்று உறவுமுறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும் என்பது வரை செயல்முறை விரிகிறது. கையில் ஓலையை மறைத்து மாற்ற வழியில்லாமல் செய்ய வேண்டும் என்ற கவலை அந்த விரிந்த விரல்களில் தெரிகிறதல்லவா?

ஆக, இந்தக் கல்லில் உள்ளது ஒரு முழுமையான அரசியல் சட்டம் அன்று; இரண்டே ஆண்டுகளில் போதாமை உணரப்பட்டுத் திருத்தப்பட்ட ஒரு விதி. நம் பெருமிதப் பேச்சுகள் இரண்டையும் குழைத்து ஒன்றாக்கி, இறுதி வடிவத்தை மட்டும் எடுத்துரைக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமரின் உரையிலும் இவ்வூர் இடம்பெற்றது. பெருமை தகும். ஆனால் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொண்ட சபை என்ற பெரிய பெருமை, இரண்டையும் தனித்தனியே காட்டினால்தான் புலப்படும். நமது ஏபிஐயின் முதல் விதி இங்கே கிடைக்கிறது: நடப்பு வடிவத்தை மட்டும் தராதே; அதன் முன்னோர் எது என்பதையும் உடன் தா. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் அதன் முன்னோரின் அடையாள எண்ணைப் பொதித்து வைப்பது இதற்காகவே.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் முழு வடிவத்தையே குறித்துக்கொள்கிறது. வேறுபாட்டைக் கேட்கும்போதுதான் இரண்டையும் ஒப்பிட்டுக் கணிக்கிறது. 921ஆம் ஆண்டுச் சபையும் 'வயது வரம்பை மட்டும் மாற்றுக' என்று ஒருவரி எழுதவில்லை. விதி முழுவதையும் மீண்டும் எழுதியது. வேறுபாட்டைக் கணிக்கும் வேலை பின்வந்த அறிஞருக்கு எஞ்சியது. 1898இல் படியெடுக்கப்பட்ட இவற்றை வெங்கய்யா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக ஆராய்ந்தார். பின்னர் நீலகண்ட சாஸ்திரி ஒப்பிட்டு விளக்கினார். எனவே மூலமும் வேறுபாடும் விடையில் தனித்தனி இடங்களில் இருப்பது நல்லது. ஒன்று சான்று, மற்றது நம் கணிப்பு.

அடுத்து, 'யார்?' என்ற கேள்வி. ஒரே பெயரிட்டு முடித்துவிடலாமா? 921ஆம் ஆண்டு விதியைச் செய்தது சபை. அரசாணையின்படி உடனிருந்தவர் சோமாசிப் பெருமான். 919இல் அவ்விடத்தில் இருந்தவர் தத்தனூர் மூவேந்த வேளான். பெருமக்கள் பணிக்க எழுதியவன் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்ரியன். தீர்மானித்தவர், உடனிருந்தவர், எழுதியவர் என மூன்று பொறுப்புகள். கிட்டிலும் ஆக்கியவரும் பதிந்தவரும் வெவ்வேறாகக் குறிக்கப்படுகின்றனர். இரண்டையும் ஒன்றாக்கும் ஏபிஐ, எழுத்தனைச் சட்டமியற்றியவனாக்கிவிடும்.

அரசன் பெயரிலும் ஒரு நுட்பம். கல்லில் உள்ளது 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்ற பட்டம். பரகேசரி என்பது சோழர் மாறி மாறிச் சூடிய பட்டம் ஆதலால், 'மதிரை கொண்ட' என்ற அடையே பராந்தகனை அடையாளம் காட்டுகிறது. கிட்ஹப் தளத்தின் ஏபிஐ இந்தச் சிக்கலை அழகாகக் கையாள்கிறது. கமிட்டில் எழுதப்பட்ட பெயரை எழுதப்பட்டபடியே ஓரிடத்தில் தருகிறது. அது தளத்தின் எந்தப் பயனர் என்பதை வேறோரிடத்தில் தருகிறது. பொருத்த முடியாவிடில் இரண்டாம் இடத்தை வெறுமையாக விடுகிறது.

காலமும் அப்படியே. கல் சொல்வது ஆட்சியாண்டு. 919, 921 என்பவை நாம் கணித்தவை. இரண்டையும் தர வேண்டும். மேலும், சோழர் காலத்தில் கோயில்களைப் புதுப்பிக்கும்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறித்தனர். திருமழபாடியில் முதலாம் இராஜராஜன் கோயிலைப் புதுப்பிக்க ஆணையிட்டபோது கல்வெட்டுகள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளப்பட்டு, இராஜேந்திரன் காலத்தில் மீண்டும் வெட்டப்பட்டன. திருக்கோடிக்காவலில் இது பழங்கல்லின் படி என்றே குறித்து வைத்தனர். ஆக்கிய நாளும் பதிந்த நாளும் வேறு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்த கைகள் அவை. கிட்டும் இவ்விரு நாள்களைத் தனித்தனியே காக்கிறது.

இறுதியாக, 'ஏன்?' தீயோர் அழிந்து நல்லோர் வளரும் பொருட்டு இவ்வியவஸ்தை செய்தோம் என்ற கருத்தைச் சபை கல்லிலேயே பதிந்தது. நிரலர் எழுதும் கமிட் குறிப்புகளில் பலவும் இதைவிட வறியவை! ஆனால் முப்பது ஏன் முப்பத்தைந்தாயிற்று என்பதற்குக் கல்லில் விடையில்லை. கணக்குக் காட்டாதவர் பற்றிய விதியைக் கண்டு, இடைப்பட்ட இரண்டாண்டில் ஏதோ முறைகேடு நிகழ்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகம் ஊகத்துக்குரிய இடத்தில் இருக்கட்டும். காரணத்துக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

வேறொரு வெறுமையும் உண்டு. இது உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துப் பிராமணச் சபையின் விதி. வேதமும் நிலமும் கேட்ட அந்தக் குடத்தில், ஏரியில் கரையெடுத்தவர் பெயரும் வயலில் நாற்று நட்டவள் பெயரும் விழ வழியில்லை. எத்தனை செம்மையாக வடிவமைத்தாலும், பதியப்படாத மனிதரை எந்த ஏபிஐயும் திருப்பித் தராது. பதியப்பட்டவற்றையாவது குழைக்காமல், கூட்டாமல், இருந்தபடி தருவது நம் கையில் இருக்கிறது. அடுத்தமுறை உத்திரமேரூர் செல்லும் அன்பர்கள், வழிகாட்டி சுட்டும் கல்வெட்டைப் பார்த்த பின், மற்றொன்று எங்கே என்று கேளுங்கள்.