இராணுவத் தோட்டாவில் குண்டு மாற்றுதல்

ஆலையில் நிரப்பி வந்த இராணுவ ரைபிள் தோட்டாவிலிருந்து குண்டை மட்டும் உருவிவிட்டு, அதே வெடிமருந்தின் மேல் வேறொரு குண்டைச் செருகுவது குண்டு மாற்றுதல் எனப்படும். பேச்சு வழக்கில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே சொல்கிறோம். இங்கே அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குழலை விட்டுப் பறந்துபோவது குண்டு ஒன்றே. இந்த நான்கில் ஒன்றை மாற்றினாலும் மற்ற மூன்றுக்கும் ஆலையில் பார்த்த சோதனை செல்லாது.

வரலாறு: இராணுவங்களே குண்டை மாற்றிப் பார்த்துச் சிக்கலில் மாட்டியிருக்கின்றன. பிரிட்டிஷ் படையின் .303 தோட்டா 1888இல் வந்தது. அதன் குண்டு 13.9 கிராம் எடையுள்ளது. ஈயத்தின் மேல் கெட்டியான உலோக மேலுறை போர்த்தியது. 1895இல் சித்ரால் போரில் இந்தக் குண்டு ஆளை ஊடுருவிப் போகிறதே தவிர நிறுத்துவதில்லை என்று படைவீரர்கள் குறைசொன்னார்கள். கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்டி-கிளே அதற்கு ஒரு வழி கண்டார். மேலுறையின் முனையைச் சிறிது குறைத்து ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடம்பில் பட்டதும் குண்டு விரிந்து கோரமான காயம் உண்டாக்கியது. ‘டம் டம்’ என்ற பெயர் அந்த ஊரிலிருந்தே உலகெங்கும் பரவியது. 1898இல் சூடான் படையெடுப்பின்போது பிரிட்டிஷ் சிப்பாய்கள் கையிலிருந்த குண்டுகளின் முனையை அரத்தால் தேய்த்துத் தாங்களே இந்த வேலையைச் செய்தார்கள்.

சுடுபவனுக்கும் இதில் ஆபத்து இருந்தது. அந்தக் காலக் குண்டின் மேலுறை பின்பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கும். முன்பக்கத்தையும் திறந்துவிட்டால் மேலுறை இரு வாயும் திறந்த குழாய் ஆகிவிடுகிறது. பின்னாலிருந்து தள்ளும் வாயு ஈயத்தை மட்டும் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டு, மேலுறையைக் குழலுக்குள்ளேயே விட்டுவிடக்கூடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் புடைக்கும் அல்லது வெடிக்கும். விரியும் குண்டுகளை 1899 ஜூலை 29ஆம் தேதி ஹேக் பிரகடனம் தடைசெய்தது. சுடுபவனின் ஆபத்தல்ல, மனிதநேயமே அதற்குக் காரணம்.

ஜெர்மனியின் அனுபவம் வேறு. 1888ஆம் ஆண்டு மாடலின் குண்டு 8.08 மில்லிமீட்டர் குறுக்களவும் 14.7 கிராம் எடையும் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கூட்டில் கூர்முனை கொண்ட சுமார் 10 கிராம் குண்டை வைத்தார்கள். அதன் குறுக்களவு 8.20 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பழைய குழலில் புதுக் குண்டு இறுகிப் பிடித்தால் அழுத்தம் ஏறிவிடும். அதனால் பழைய ரைபிள்களைத் திருத்தி ‘எஸ்’ முத்திரை குத்தினார்கள். இன்றும் ஐரோப்பியத் தர அமைப்பு இவ்விரண்டையும் தனித்தனித் தோட்டாக்களாகவே பட்டியலிடுகிறது.

முதல் உலகப் போரின் அகழிகளில் அதே ஜெர்மானியர்கள் எதிரியின் எஃகுக் கேடயத்தைத் துளைக்க, குண்டை உருவித் தலைகீழாகச் செருகினார்கள். கூடுதல் மருந்தும் சேர்த்தார்கள். இதனால் ரைபிள்கள் பழுதாயின, சுட்டவர்களும் காயப்பட்டார்கள். கவசம் துளைக்கும் தனிக் குண்டு வந்த பிறகே இப்பழக்கம் ஒழிந்தது.

எல்லாவற்றிலும் பெரிய பாடமானது 1921ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியப் போட்டிக்குத் தயாரித்த தோட்டா. குழலில் உலோகக் கசடு படியாமலிருக்கக் குண்டின் மேல் டின் பூசினார்கள். பெட்டியில் கிடந்த காலத்தில் டின்னும் கூட்டின் பித்தளைக் கழுத்தும் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொண்டன. கழுத்து விரிந்தால்தான் குண்டு விடுபடும். போட்டிக்காரர்களோ பழைய வழக்கப்படி, எச்சரித்தும் கேளாமல், தோட்டாவைக் கிரீஸில் தொட்டார்கள். கழுத்துக்கும் அறைச்சுவருக்கும் இடையே இருந்த மயிரிழை இடைவெளியைக் கிரீஸ் அடைத்துக்கொண்டது. கழுத்து விரிய இடமில்லை. ஒகையோ மாநிலத்தின் கேம்ப் பெரி களத்தில் ரைபிள்கள் வெடித்தன. அமெரிக்க இராணுவ அதிகாரி ஜூலியன் ஹாட்சர் தம் குறிப்பேட்டில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். குண்டின் எடையும் மருந்தின் அளவும் சரியாகவே இருந்தன. கழுத்துப் பிடிப்பு ஒன்றுதான் கெடுத்தது.

மெக்சிகன் மேட்ச்: இதே கேம்ப் பெரி வட்டாரத்தில் பின்னாளில் பிரபலமான முறை. அமெரிக்க இராணுவத்தின் எம்118 தோட்டாவின் 11.2 கிராம் குண்டை உருவிவிட்டு 10.9 கிராம் சியரா மேட்ச்கிங் குண்டைச் செருகினார்கள். எம்118இன் கழுத்துக்குள் கருப்புத் தார் பூசியிருக்கும். குண்டை முதலில் மயிரளவு உள்ளே அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு அந்தப் பூச்சு விடும், பிறகே உருவுவார்கள். புதுக் குண்டு பழையதைவிட இலேசானது. தார்ப் பிடிப்பும் போய்விட்டது. எனவே அழுத்தம் பொதுவாக இறங்குமே தவிர ஏறாது. இந்த முறை நிலைத்ததற்குக் காரணம் இதுவே. 1980களில் இராணுவமே சியரா குண்டு வைத்த எம்852ஐ வெளியிட்டது. பெட்டியில் ‘போருக்கு அல்ல’ என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தக் குண்டின் முனையில் உள்ள திறப்பு விரிவதற்காக அல்ல, துல்லியத்துக்காக ஏற்பட்டது என்று 1990இல் அமெரிக்க இராணுவச் சட்டப்பிரிவு கருத்துரைத்தது.

ஆபத்தின் காரணங்கள்: எடை கூடினால் அழுத்தம் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். நீளத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. ஆகவே முழுச் செம்புக் குண்டு அதே எடையில் நீளமாகிறது. உள்ளே ஆழமாக இறங்கினால் மருந்துக்கு இடம் குறைகிறது. வெளியே நீட்டினால் குழலின் புரியில் முட்டுகிறது. இரண்டிலும் அழுத்தம் ஏறும். பிடிப்புத் தளர்ந்த குண்டு தானியங்கி ரைபிளில் ஏறும்போதே கூட்டுக்குள் சறுக்கிவிடும். ஆலைகள் கடையில் கிடைக்கும் மருந்தைப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு தொகுதி மருந்தும் எரியும் வேகத்தைச் சோதித்து, குறிப்பிட்ட அந்தக் குண்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போடுகின்றன. ஒரே பெயர் கொண்ட இரண்டு பெட்டிகளில் மருந்தின் எடை வேறாக இருக்கலாம். கைநூல் அட்டவணையை வைத்து இதற்குக் கணக்குப் போடுவது உயிரோடு விளையாடுவது. முனையில் நீல வண்ணம் பூசிய பழைய அமெரிக்கத் தீக்குண்டுகளையும் சிவப்பு முனை கொண்ட சுவடுகாட்டும் குண்டுகளையும் சுத்தியல்போல் தட்டி உருவும் கருவியில் வைக்கவே கூடாது.

இன்றைய நிலை: துல்லியக் குண்டு வைத்த ஆலைத் தோட்டாக்கள் தாராளமாகக் கிடைப்பதால் இப்பழக்கம் குறைந்துவிட்டது. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டாவை மாற்றியமைப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.