குவானோ பறவைகளின் இனப்பெருக்கமும் கடல்நிலையும்

குவானோ பறவைகள் என்பவை தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையோரத் தீவுகளில் பெருங்கூட்டமாகக் கூடுகட்டும் கடற்பறவைகளாகும். குவானே நீர்க்காகம், பெரு பூபி, பெரு கூழைக்கடா ஆகிய மூன்று இனங்கள் இவற்றுள் முதன்மையானவை. குவானோ என்பது இவற்றின் எச்சம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்கு உரமாகப் பெருமளவில் ஏற்றுமதியானது. இப்பறவைகள் எத்தனை குஞ்சுகளை வளர்க்கும் என்பதைக் கடல்நீரின் நிலையே பெரிதும் தீர்மானிக்கிறது.

உணவு

பெரு வெப்பமண்டல நாடாயினும் அதன் கரைக்கடல் குளிர்ந்தது. கரையை ஒட்டி வீசும் காற்றினால் மேற்பரப்பு நீர் விலக, ஆழத்திலிருந்து ஊட்டச்சத்து மிக்க குளிர்நீர் மேலெழுகிறது. அதில் மிதவை உயிரிகளும், அவற்றை உண்ணும் நெத்திலி மீன்களும் பெருகுகின்றன. பூபி இனங்களிற் பல ஒரு குஞ்சை மட்டுமே வளர்க்க, பெரு பூபி இரண்டு, மூன்று குஞ்சுகளை வளர்ப்பது இவ்வளத்தினாலேயே ஆகும்.

எல் நினோ

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் எல் நினோவின்போது கரையோரத்தில் வெந்நீர்ப் படலம் தடிப்பாகிறது. அப்போது காற்று வீசினாலும் மேலெழுவது சத்துக் குறைந்த வெதுவெதுப்பான நீரே. நெத்திலிகள் ஆழத்திற்கும் தெற்கிற்கும் சென்றுவிடுகின்றன. மேலிருந்து பாய்ந்து மீன்பிடிக்கும் பூபிக்கும், மேற்பரப்பில் இரைதேடும் கூழைக்கடாவிற்கும் அவை எட்டுவதில்லை. நீரினுள் துரத்திப் பிடிக்கும் நீர்க்காகமும் இடர்ப்படுகிறது. பெற்றோர் முட்டைகளையும் குஞ்சுகளையும் கைவிட்டு வெளியேறுகின்றன. இது கொடுமையாகத் தோன்றினும், நெடுநாள் வாழும் பறவைக்கு ஓராண்டுக் குஞ்சுகளைவிடத் தன்னுயிர் காப்பதே இனத்திற்குப் பயன் தரும். கடுமையான எல் நினோவில் முதிர்ந்த பறவைகளும் பெருந்தொகையாக மடிகின்றன.

மீன்பிடித்தல்

இன்காக்கள் காலத்தில் இனப்பெருக்கப் பருவத்தில் தீவுகளுக்குச் செல்வோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாக இன்கா கார்சிலாசோ டெ லா வேகா எழுதியுள்ளார். 1909இல் பெரு அரசு குவானோ நிர்வாக நிறுவனம் ஒன்றை அமைத்துத் தீவுகளைக் காவல் செய்தது. 1950களின் நடுப்பகுதியில் பறவைகளின் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது. 1957-58 எல் நினோவில் அது பெரிதும் சரிந்தது. முன்னர் இத்தகைய சரிவுகளிலிருந்து பறவைகள் மீண்டெழுந்ததுண்டு. ஆனால் இம்முறை மீன்மா ஆலைகளுக்கான நெத்திலிப் பிடிப்பு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1970இல் அது 1.2 கோடி டன்னைக் கடந்தது. 1972-73 எல் நினோவுடன் மீன்வளமே சரிந்தது. பறவைகள் பழைய எண்ணிக்கையை அதன் பின்னர் எட்டவில்லை.

2009இல் குவானோ தீவுகளும் முனைகளும் தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. எனினும், கூடுகளுக்குக் கிடைத்த காவல், பறவைகள் இரைதேடும் கடற்பரப்பு முழுமைக்கும் கிடைக்கவில்லை.